காலி வண்டியா, காலன் வண்டியா?

திருவிடந்தை நித்தியகல்யாணப் பெருமாளின் தாடையில் ஒரு கரும்புள்ளி உண்டு. அது இயற்கையாகவே அமைந்த திருஷ்டிப் பொட்டு என்று சொல்லுவார்கள். கண்ணேறு படாமல் காக்கப் பெருமாளுக்கே ஓர் அடையாளம்! கோயிலை விட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்தால், ஓடுகிற லாரிகளிலும் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குகின்றன. வாடினால் தவறாமல் மாற்றுகிறார்கள். ஆனால் அதே லாரியில், மனித உயிரைக் காப்பதற்கென்றே மாட்டப்பட்ட இன்னோர் அடையாளத்தை நாம் எப்படி நடத்துகிறோம்?

சென்ற கோடை விடுமுறையில் கோயிலுக்குப் போய்த் திரும்பும்போது, சவுக்குத் தோப்பு நிழலில் ஒரு டேங்கர் லாரி நின்றிருந்தது. ஓட்டுநர் அடியில் துண்டை விரித்து உறங்கிக் கொண்டிருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்த கிளீனர், பின்புறமிருந்த எச்சரிக்கைப் பலகையைக் கழற்றித் தரையில் கவிழ்த்துவிட்டு, வாளியும் துடைப்பமுமாய்த் தொட்டியின் மேல் ஏறினார்.

“உள்ளே என்ன இருந்துச்சு அண்ணே?” என்று கேட்டேன்.

“ஏதோ கெமிக்கல் தம்பி. பேரு டிரைவருக்குத்தான் தெரியும். அதான் இறக்கியாச்சே, இப்போ காலி வண்டி” என்று சிரித்துக்கொண்டே மூடியைத் திறந்து உள்ளே இறங்கினார். சில நிமிடங்களில் இருமிக்கொண்டே தலையை வெளியே நீட்டினார். அன்று வேறொன்றும் நடக்கவில்லை. கழுவிய நீர் குழாய் வழியே கொட்டி மணலில் மறைந்தது. ஆயினும் ‘காலி’ என்ற அந்தச் சொல் என் நெஞ்சை விட்டு அகலவில்லை.

நண்பர்களே, காலித் தொட்டி உண்மையில் காலிதானா? வேதியியல் படிக்கும் நாம் இல்லை என்று சொல்லக் கடமைப்பட்டவர்கள். பெட்ரோலை எடுத்துக் கொள்வோம். அதன் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். நிறைந்த தொட்டியின் மேற்பகுதியில் ஆவி மிகுதி. பற்றுவதற்குப் போதிய காற்று இல்லை. சரக்கை இறக்கியதும் காற்று உள்ளே புகுகிறது. சுவரிலும் அடியிலும் ஒட்டிய மிச்சம் ஆவியாகிக் காற்றோடு கலந்து அந்த அபாய எல்லைக்குள் வந்து சேர்கிறது. பிறகு ஒரு பீடி நெருப்பு போதும்.

கந்தக அமிலத்தின் கதை வேறு. அடர்ந்த அமிலம் எஃகுத் தொட்டியை அவ்வளவாக அரிப்பதில்லை. கழுவுகிறேன் என்று சிறிது நீரை ஊற்றினால் வெப்பம் எழுகிறது. நீர்த்துப்போன அமிலம் எஃகைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடுகிறது. இவை எதுவுமில்லாமல் வெறுமனே மூடிக் கிடந்த தொட்டியிலும் துருவேறும் இரும்பு பிராணவாயுவைக் குறைத்துவிடும். உள்ளே மயங்கியவனைத் தூக்க மற்றொருவன் இறங்குவதும், அவனும் மீளாமற் போவதும் கழிவுநீர்த் தொட்டிகளில் நாம் எத்தனையோ முறை கண்ட கொடுமை. அந்த வேலைக்கு எதிராக 2013-இல் ஒரு தனிச் சட்டமே வந்தது. ரசாயன டேங்கரில் இறங்கும் இளைஞனைப் பற்றி யார் பேசுகிறோம்?

நிறைந்த டேங்கருக்கு எல்லோரும் அஞ்சுகிறோம், அஞ்சுவதும் நியாயமே. 2012 ஆகஸ்டு 27 அன்று கேரளத்தின் கண்ணூரை அடுத்த சாலாவில் சமையல் எரிவாயு டேங்கர் கவிழ்ந்து வெடித்து இருபது உயிர்களைப் பலி கொண்டது. அந்த அச்சத்தில் ஒரு பங்காவது காலி டேங்கரிடம் வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 134-ஆம் விதி, இத்தகைய வண்டியின் இரு பக்கங்களிலும் பின்புறத்திலும் சரக்கின் சரியான பெயர், ஐக்கிய நாடுகள் எண், சாய்சதுர அபாயக் குறி, அவசரத் தொலைபேசி எண் ஆகியவை தெளிவாக இருக்க வேண்டும் என்கிறது. 1203 என்று கண்டால் பெட்ரோல். 1830 என்றால் கந்தக அமிலம். தீயணைப்பு வீரர் நுரையை அடிப்பதா, எவ்வளவு தூரம் விலகி நிற்பதா என்று முடிவு செய்வது அந்தப் பலகையைப் பார்த்துத்தான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 36-ஆம் பிரிவில், தகுதியுள்ளவர் சோதித்து எழுத்து மூலம் சான்று தர வேண்டும், அல்லது இறங்குபவர் சுவாசக் கருவியும் வெளியிலுள்ளவர் பிடித்த கயிறுடன் கூடிய வாரும் அணிய வேண்டும் என்றது. 37-ஆம் பிரிவு, தீப்பற்றும் பொருள் ‘இருந்த’ தொட்டியிலும் அதை அகற்றாமல் பற்றவைப்பு வேலை கூடாது என்றது. ‘இருந்த’ என்ற அந்த ஒரு சொல்லில் எவ்வளவு அறிவு! ஆனால் தொழிற்சாலைக்காக எழுதிய சட்டம் சவுக்குத் தோப்பு நிழலுக்கு எப்படி வந்து சேரும்?

பலகையை எப்போது கழற்றுவது என்பதில்தான் குழப்பம். சரக்கு இறங்கியதும் கழற்றுவோர் ஒரு சாரார். எதை ஏற்றினாலும் பழைய பலகையோடே ஓடுவோர் மற்றொரு சாரார். முன்னது மறைக்கிறது, பின்னது பொய் சொல்கிறது. எப்போதும் தொங்கும் எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை. ஐக்கிய நாடுகளின் மாதிரி ஒழுங்குமுறை இதற்கு நேரான விடை தருகிறது: கழுவாத காலித் தொட்டி நிறைந்த தொட்டியைப் போலவே அடையாளம் தாங்க வேண்டும். மிச்சமும் ஆவியும் நீங்கிய பிறகே அடையாளம் நீங்கலாம். நீங்கியபின் இருக்கவும் கூடாது.

கழுவிய நீரையும் மறக்கலாகாது. நம் கடற்கரை மணற்பாங்கானது. மழைநீர் மணலில் இறங்கி உப்புநீருக்கு மேல் நன்னீராய் மிதக்கிறது. அதைத்தான் நாம் கிணற்றில் இறைத்துக் குடிக்கிறோம். மழையை விரைந்து உறிஞ்சும் மணல் ரசாயனத்தையும் அப்படியே உறிஞ்சும்.

“இதற்கெல்லாம் நேரமும் காசும் யார் தருவது?” என்று லாரி உரிமையாளர் கேட்பார். நியாயமான கேள்விதான். சரக்கை அனுப்புகிறவரும் பெறுகிறவருமே கழுவுகூலியை வாடகையோடு சேர்த்துத் தரட்டும். கழுவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் இடத்தில் மட்டுமே கழுவட்டும். முன்பு என்ன இருந்தது, எங்கே கழுவினோம் என்ற சீட்டு வண்டியோடு போகட்டும். அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகே பலகை இறங்கட்டும். ஆபத்தான சரக்கை ஏற்றும் ஓட்டுநருக்குப் பயிற்சி வேண்டும் என்று விதி இருக்கிறது. தொட்டிக்குள் இறங்குகிறவரோ கிளீனர். அவருக்கும் அந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்கட்டும்.

அந்த அண்ணனுக்குத் தாம் இறங்கிய தொட்டியில் என்ன இருந்தது என்றுகூடத் தெரியாது. அன்றைய பேட்டாவுக்காக இறங்கினார். பலகையைக் கழற்றும் கைக்கு அதைப் படிக்கும் உரிமையும் வேண்டும். நாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனைக் குழாயைக் கழுவாமல் அடுத்த பரிசோதனைக்கு எடுத்தால் ஆசிரியர் கண்டிக்கிறார். பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் குழாய் ஒன்று சாலையில் ஓடும்போது மட்டும் நாம் வாளாவிருக்கலாமா? இனி ஒரு டேங்கரைக் காலி என்று யாரேனும் சொன்னால், “கழுவியாச்சா அண்ணே?” என்று கேட்போம்.