வீட்டுக்கல்வி: சுமை குறைகிறதா, இடம் மாறுகிறதா?

ஜூலை மாதம் நெருங்கும்போது பாலர்பள்ளி வாசல்களில் பெற்றோரின் பேச்சு மாறிவிடும். தொடக்கநிலை ஒன்றுக்கு எந்தக் கட்டத்தில் பதிவது, வீட்டிலிருந்து பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கிறதா, குலுக்கலுக்குப் போகுமா என்றெல்லாம் விசாரித்துக்கொள்வார்கள். அந்தப் பேச்சுக்கு நடுவே சில சமயம் ஒரு தாய் தயங்கியபடி கேட்பார்: “பள்ளிக்கே அனுப்பாம நாமே வீட்டுல சொல்லிக்கொடுத்தா என்ன?”

கேட்பவர் விளையாட்டாகக் கேட்பதில்லை. பெரும்பாலும் மூத்த பிள்ளையை அதிகாலையில் எழுப்பி, பாதிக் கண் திறந்த நிலையில் பள்ளிப் பேருந்தில் ஏற்றிப் பழகியவராக இருப்பார். மாலையில் துணைப்பாட வகுப்பு, இரவில் எழுத்துக்கூட்டல் பயிற்சி என்று பிள்ளையோடு சேர்ந்து தானும் ஓடிக் களைத்தவராக இருப்பார். இளைய பிள்ளைக்காவது வேறு வழி உண்டா என்பதுதான் அவருடைய ஏக்கம்.

கிருமித்தொற்றுக் காலமும் அந்த எண்ணத்துக்கு ஒரு காரணம். 2020 ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறியபோது, பிள்ளை பாடம் படிக்கும் விதத்தைப் பல பெற்றோர் முதன்முறையாக அருகிலிருந்து பார்த்தார்கள். சிலர் “ஆசிரியர்களுக்குக் கோயில் கட்டலாம்” என்றார்கள். சிலரோ “இதை நம்மாலும் செய்ய முடியும்” என்று நினைத்தார்கள்.

செய்ய முடியும் என்பது உண்மைதான். ஆனால், சிங்கப்பூரில் வீட்டுக்கல்வி என்பது தேர்விலிருந்து விடுதலை அல்ல. பள்ளியும் ஆசிரியர்களும் நண்பர்களும் பகிர்ந்து சுமப்பதை, வீட்டிலுள்ள ஒருவரின் தோளுக்கு மாற்றும் ஏற்பாடு அது. அந்த ஒருவர் பெரும்பாலும் தாய். இதை முன்கூட்டியே கணக்குப் பார்த்து இறங்கும் குடும்பம் தாக்குப்பிடிக்கும். பள்ளிமீது உள்ள கோபத்தில் இறங்கும் குடும்பம் பாதி வழியில் தடுமாறும்.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாயக் கல்விச் சட்டம் 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2003 ஜனவரி 1ஆம் தேதி நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் வசிக்கும், ஆறு வயதைக் கடந்த, 15 வயதை எட்டாத குடிமக்களுக்கு அது பொருந்தும். அவர்கள் தேசியத் தொடக்கப்பள்ளியில் படிக்கவேண்டும். இல்லாவிட்டால் விதிவிலக்கு பெறவேண்டும். வீட்டுக்கல்வி அத்தகைய விதிவிலக்குகளில் ஒன்று. பள்ளிக்கு அனுப்பாமல் சும்மா இருந்துவிட்டால் அது சட்ட மீறல்.

விதிவிலக்கு கேட்கும் பெற்றோர், யார் சொல்லிக்கொடுக்கப்போகிறார், அவருடைய கல்வித்தகுதி என்ன, எந்தப் பாடத்திட்டம் என்பதையெல்லாம் கல்வி அமைச்சிடம் விளக்கவேண்டும். அனுமதி கிடைத்த பிறகு ஆண்டுதோறும் பிள்ளையின் முன்னேற்றம் குறித்து அறிக்கை தரவேண்டும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்து பார்ப்பதும் உண்டு. தேசியக் கல்வி தொடர்பான சோதனையும் இருக்கிறது.

கடைசியில் பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு காத்திருக்கிறது. அதை எழுதினால் மட்டும் போதாது. அதே ஆண்டில் நான்கு பாடங்களையும் வழக்கமான நிலையில் எழுதிய பள்ளி மாணவர்களை மதிப்பெண்படி வரிசைப்படுத்தினால், கீழிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினரைத் தாண்டிய இடத்தில் வீட்டில் படித்த பிள்ளை இருக்கவேண்டும். அமைச்சு வகுத்துள்ள வரம்பு அது.

இந்த இடத்தில் பெற்றோர் சற்று நின்று யோசிக்கவேண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த வரம்பு இல்லை. மெதுவாகக் கற்கும் பிள்ளையாக இருந்தாலும் அவனுக்கு ஏற்ற பாட நிலைகளோடு உயர்நிலைப்பள்ளிக்குச் செல்ல வழி இருக்கிறது. “என் பிள்ளை கொஞ்சம் மெதுவாகப் படிப்பான், பள்ளியின் வேகம் அவனுக்கு ஒத்துவராது” என்பதற்காகவே வீட்டுக்கல்வியை நாடும் பெற்றோர், தங்களை அறியாமல் பிள்ளைக்கு இன்னும் உயரமான ஒரு தடையை முன்னால் வைக்கிறார்கள். வீட்டுச் சூழலில் அவன் மலர்ந்து அந்தத் தடையைத் தாண்டலாம். ஆனால் தடை இருக்கிறது என்பது முதல் நாளே தெரிந்திருக்கவேண்டும்.

தமிழுக்கும் கால் பங்கு

தமிழ்க் குடும்பங்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 2021 முதல் நடப்பிலுள்ள புள்ளி முறையில் ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகிய ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை தரப்படுகிறது. நான்கையும் கூட்டினால் 4 முதல் 32 வரை மொத்தப் புள்ளி. அதாவது, தமிழுக்கும் கணிதத்துக்கும் ஒரே எடை.

வீட்டுக்கல்விக்குக் கிடைக்கும் பாடநூல்களும் இணையப் பாடங்களும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், வெளிநாடுகளில் தயாரானவை. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் அவை உதவும். தமிழுக்கு உதவாது. அதனால் தமிழை “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று தள்ளிவைப்பது எளிதில் நடந்துவிடும். பள்ளியில் தமிழாசிரியர் ஒருவர் வாரம்தோறும் பிள்ளையைப் பேசவும் எழுதவும் வைப்பார். வீட்டில் அவர் இல்லை.

வீடுகளின் நிலையையும் பார்க்கவேண்டும். வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று கூறிய சிங்கப்பூர்வாசிகள் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.3 விழுக்காடு. 2020ல் அது 2.5 விழுக்காடு. ஆங்கிலமே புழங்கும் வீட்டில் வீட்டுக்கல்வியும் ஆங்கிலத்திலேயே நடந்தால், பிள்ளை ஒரு முழு நாளில் தமிழ் கேட்காமலேயே தூங்கப்போகும் நிலை வரலாம்.

இதே வீட்டுக்கல்வி தமிழுக்குப் பெரிய வாய்ப்பாகவும் அமையும். இட்லி மாவு ஏன் பொங்குகிறது என்று பாட்டியிடம் கேட்டால் அது அறிவியல் பாடம். அதையே தமிழில் கேட்டுப் பதில் பெற்றால் மொழிப் பாடமும்கூட. தேக்கா சந்தையில் மீன் விலை கேட்பது, கறிவேப்பிலை கேட்டு வாங்குவது, மீதிச் சில்லறையை எண்ணுவது எல்லாம் கணிதம். காலையில் ஒலி 96.8 செய்தியைக் கேட்டுவிட்டு அதில் ஒன்றைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லவைப்பது வாய்மொழிப் பயிற்சி. பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வில் ஒரு காணொளியைப் பார்த்து அதுபற்றி உரையாடவேண்டும். பார்த்ததைச் சொல்லிப் பழகிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்காது.

ஆனால் பேச்சு வந்தால் எழுத்து தானாக வந்துவிடும் என்று நம்பவேண்டாம். கட்டுரை, கருத்தறிதல், ர-ற, ல-ழ-ள வேறுபாடு ஆகியவை முறையாகச் சொல்லிக்கொடுத்தால்தான் வரும். வீட்டில் அதை யார் செய்வார் என்ற கேள்விக்குப் பெயரோடு ஒரு பதில் தேவை. அம்மாவா, அப்பாவா, தாத்தாவா, வெளியே ஓர் ஆசிரியரா? “நாங்க எல்லாரும் சேர்ந்து” என்பது பதில் ஆகாது. எல்லாருக்கும் பொதுவான வேலையை யாரும் செய்வதில்லை என்பது எந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

ஒரு நாள் எப்படி நகரும்?

நான்கறை வீவக வீடு ஒன்றை எண்ணிப்பாருங்கள். ஏழு வயது மகளுக்குப் பாடம். மூன்று வயது மகன் அக்காவின் வண்ணப் பென்சில்களை எடுத்துக்கொண்டு ஓடுகிறான். அப்பா காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஒருவருக்கு ஒருவர் சொல்லிக்கொடுப்பதால் அன்றைய பாடம் இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடக்கூடும். வீட்டுக்கல்வியின் பெரிய பலம் அது. புரியாத இடத்தில் நிற்கலாம், புரிந்ததைத் தாண்டிப் போகலாம். மிச்ச நேரத்தில் நூலகம், நீச்சல், தோட்டம், சமையல்.

ஆனால் அந்த மிச்ச நேரத்தையும் யாரோ ஒருவர் திட்டமிடவேண்டும். காலை பத்து மணிக்கு விளையாட்டுத் திடலுக்குப் போனால் மகளின் வயதில் யாரும் இருக்கமாட்டார்கள். மின்தூக்கியில் பார்க்கும் அண்டைவீட்டு ஆன்ட்டி, “இன்னிக்கு ஸ்கூல் இல்லையாம்மா?” என்று கேட்பார். முதல் மாதம் சிரித்துக்கொண்டே பதில் சொல்லலாம். ஆறாவது மாதம் அந்தக் கேள்வி உறுத்தும். மாமியார் வீட்டிலிருந்தும் அதே கேள்வி வேறு தொனியில் வரும்.

பள்ளி பாடம் மட்டும் தருவதில்லை. தினமும் ஐந்தாறு மணி நேரம் பிள்ளையை வேறொருவர் பார்த்துக்கொள்கிறார். அந்த நேரத்தில்தான் தாய் வேலைக்குப் போகிறார், மருத்துவரைப் பார்க்கிறார், அல்லது பத்து நிமிடம் யாரும் கூப்பிடாமல் ஒரு கோப்பை காப்பி குடிக்கிறார். வீட்டுக்கல்வியில் அந்த நேரம் இல்லாமல் போகிறது. தாய்க்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆசிரியர் கிடையாது.

அம்மாவின் மசே நிதி

இந்தக் கணக்கை வெள்ளியிலும் போடவேண்டும். மாதம் 3,500 வெள்ளி சம்பாதிக்கும் ஒரு தாய் ஆறு ஆண்டுகள் வேலையை விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சம்பள உயர்வைச் சேர்க்காமலேயே 252,000 வெள்ளி வருமானம் நின்றுபோகிறது.

இது பலருக்கும் உடனே தோன்றும் கணக்கு. தோன்றாதது மத்திய சேம நிதி. 55 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு ஊழியரும் முதலாளியும் சேர்ந்து செலுத்தும் சந்தா சம்பளத்தில் 37 விழுக்காடு. 3,500 வெள்ளிக்கு மாதம் 1,295 வெள்ளி. ஆறு ஆண்டுகளில் 93,240 வெள்ளி அந்தத் தாயின் கணக்கில் சேராமல் போகிறது. அதற்குரிய வட்டியும் இல்லை. ஓய்வுக்காலத்தில் அவருக்கு மாதாமாதம் கிடைக்கவேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறையும்.

பிள்ளையின் கல்வி குடும்பத்தின் முடிவு என்றால் அதன் விலையையும் குடும்பம் பகிர்ந்துகொள்ளவேண்டும். மனைவியின் மசே நிதிக் கணக்கில் கணவர் ரொக்கமாக நிரப்ப வழி இருக்கிறது. நிபந்தனைகளுக்கு உட்பட்டு வரி நிவாரணமும் உண்டு. மாதம் சில நூறு வெள்ளியாவது ஒதுக்குவோம் என்று முதலிலேயே பேசி முடிப்பது நல்லது. “எல்லாம் நம்ம பணம்தானே” என்ற பேச்சு இல்லறம் நன்றாக ஓடும்வரை சரி. கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்பது பின்னாளில்தான் தெரியவரும்.

நேரத்தையும் பகிரலாம். 2024 டிசம்பர் 1 முதல், நீக்குப்போக்கான வேலை ஏற்பாடு கேட்கும் ஊழியரின் கோரிக்கையை எல்லா நிறுவனங்களும் முறைப்படி பரிசீலிக்கவேண்டும். அந்தக் கோரிக்கையைத் தாய்தான் வைக்கவேண்டும் என்று எந்த வழிகாட்டியும் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அப்பா, அன்றைய தமிழ்ப் பாடத்தை எடுத்துக்கொள்ளலாம்.

எதிலிருந்து விலகுகிறோம்?

பெற்றோர் பள்ளியை விட்டு விலக நினைக்கும் காரணங்களில் சிலவற்றைப் பள்ளிகளே குறைத்து வருகின்றன. தொடக்கநிலை ஒன்று, இரண்டில் மதிப்பெண்ணுக்கான தேர்வுகள் 2019 முதல் இல்லை. அரையாண்டுத் தேர்வுகள் 2023க்குள் எல்லா நிலைகளிலும் நீக்கப்பட்டன. 2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்கள் முதல், மாணவர்களை வெவ்வேறு பிரிவுகளாகப் பிரித்த பழைய முறையும் இல்லை.

ஆனால் இதே காலத்தில் துணைப்பாடச் செலவு ஏறியிருக்கிறது. சிங்கப்பூர்க் குடும்பங்கள் 2018ல் ஆண்டுக்கு 1.4 பில்லியன் வெள்ளி செலவிட்டன. 2023ல் அது 1.8 பில்லியன் வெள்ளி. தேர்வுகள் குறைந்தும் பதற்றம் குறையவில்லை. அப்படியானால் பிள்ளையின் நெஞ்சை அழுத்துவதில் ஒரு பகுதி பள்ளியிலிருந்து வருவதல்ல. நம் வரவேற்பறையிலிருந்து, உறவினர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வருகிறது. அந்தப் பதற்றம் நம்மிடமே இருந்தால், பள்ளியை விட்டு விலகினாலும் அது வீட்டோடு இருக்கும். ஒரே வித்தியாசம், பிள்ளைக்கு அதிலிருந்து ஒதுங்க வேறு இடம் இருக்காது.

வீட்டுக்கல்வி வேண்டாம் என்பதல்ல வாதம். பொறுமையும் திட்டமும் உள்ள குடும்பங்களில் பிள்ளைகள் ஆர்வத்தோடு, அவசரமின்றிக் கற்கிறார்கள். பள்ளிக்கு அனுப்புவோரும் அவர்களிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். சமையலறையும் சந்தையும் பேருந்துப் பயணமும் தமிழ் வகுப்புகளே. அதற்கு எந்த அமைச்சின் அனுமதியும் தேவையில்லை.

பள்ளி வாசலில் அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு மூன்று கேள்விகளே பதில். தினமும் எத்தனை மணி நேரம், யாருடையது? தமிழை யார் சொல்லிக்கொடுப்பார்? அம்மாவின் கணக்கில் மாதம் எவ்வளவு சேரும்? மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணவரும் வீட்டிலுள்ள பெரியவர்களும் சேர்ந்து நிரப்பட்டும். மூன்றுக்கும் ஒரே பெயர் பதிலாக வந்தால், அந்தப் பெயருக்கு உரியவர் முடிவெடுக்க இன்னும் ஓராண்டு எடுத்துக்கொள்ளலாம். அதுவரை பிள்ளை பள்ளிக்குப் போகட்டும். மாலையில் பாட்டியிடம் இட்லி மாவைப் பற்றிக் கேட்கட்டும்.