விற்பனைக்கு வந்திருப்பது இரும்பா, வரலாறா?

பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களை விற்பனைக்கு விடுவோர் பெரிதும் விரும்பும் சொற்றொடர் ஒன்றுண்டு. 'முழுமையாகப் புனரமைக்கப்பட்டது' என்பதே அது. கேட்பதற்கு நம்பிக்கை தருவதுதான். ஆனால், அது சொல்வதைவிட மறைப்பதே அதிகம். எது திருத்தப்பட்டது, எது கழற்றி வீசப்பட்டது, எது நேற்று வார்க்கப்பட்டது என்ற கேள்விகள் யாவும் பளபளக்கும் வர்ணப்பூச்சின் அடியில் போய்விடுகின்றன. பழைய காரைப் புனரமைத்து விற்பதில் தவறேதும் இல்லை. அந்தப் புனரமைப்பின் கதையை மறைத்து விற்பதே தவறு என்பது எனது கருத்து.

இதனை விளங்கிக்கொள்வதற்கு, 1990 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றத்தில் நடைபெற்ற வழக்கொன்றை நினைவுபடுத்துவது பொருத்தமானது. வழக்கின் நாயகன் 'ஓல்ட் நம்பர் வண்' என்ற பெயரால் அறியப்பட்ட ஒரு பென்ட்லி 'ஸ்பீட் சிக்ஸ்' கார். பிரான்ஸின் லு மான் நகரில் நடைபெறும் 24 மணிநேரப் பந்தயத்தில் 1929 இலும் 1930 இலும் அடுத்தடுத்து வென்ற கார் அது. இரண்டு தடவைகளிலும் அதனை ஓட்டியவர்களில் ஒருவர், பென்ட்லி நிறுவனத்தின் தலைவராக விளங்கிய வூல்ஃப் பார்னாட்டோ. முதல் வெற்றியில் டிம் பர்கினும் இரண்டாவதில் கிளென் கிட்ஸ்டனும் அவருடன் மாறி மாறி ஓட்டினர். 1929 பந்தயத்தில் முதல் நான்கு இடங்களையுமே பென்ட்லி கார்கள் கைப்பற்றியிருந்தன.

அத்தோடு அந்தக் கார் ஓய்ந்துவிடவில்லை. 1931 இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் ஓடுதளத்தில் 500 மைல் பந்தயத்திலும் அது வென்றது. பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாற்றப்பட்டன. ஆறரை லீற்றர் எஞ்சின் இருந்த இடத்தில் பின்னர் எட்டு லீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டது. 1932 இல் அதே ஓடுதளத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது, சரிவாக உயர்ந்திருந்த கரையின் விளிம்பைத் தாண்டிக் கார் வெளியே பாய்ந்தது. ஓட்டிச் சென்ற கிளைவ் டன்ஃபீ உயிரிழந்தார். சிதைந்த கார், மூடிய கூடு கொண்ட வீதிக் காராக மீண்டும் கட்டியெழுப்பப்பட்டது. பல தசாப்தங்களின் பின்னர் அது விற்பனைக்கு வந்தபோது, பழைய பந்தயத் தோற்றத்தைத் திரும்பவும் பெற்றிருந்தது.

1990 ஏப்ரலில் அதனை வாங்குவதற்கு ஒரு நிறுவனம் உடன்பட்டது. பேசப்பட்ட பெறுமதி ஒரு கோடி ஸ்ரேலிங் பவுண்கள். ஆனால், வாங்குவோர் பின்வாங்கினர். லு மானில் வென்ற கார் இதுவல்ல என்பது அவர்களது வாதம். விற்றவர் நீதிமன்றத்தை நாடினார். விசாரணையில் வெளிப்பட்ட உண்மை விசித்திரமானது. 1929 இல் ஓடிய காரின் பாகம் என்று உறுதியாகச் சுட்டிக்காட்டக்கூடியது அநேகமாக எதுவுமே எஞ்சியிருக்கவில்லை. 1930 இன் காரிலிருந்து மிகச் சில பாகங்களே இருந்தன. விபத்துக்குள்ளான 1932 இன் காரிலிருந்து வந்தவையே அதிகம்.

நீதிபதி ஒட்டன் சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தார். முதலில் பூட்டப்பட்ட அதே பாகங்களைக் கொண்டதுதான் 'ஒரிஜினல்' என்றால், இந்தக் கார் ஒரிஜினல் அன்று. ஆனால், மாற்றங்கள் யாவும் படிப்படியாக, நீண்ட காலத்தில் நிகழ்ந்தவை. எந்தக் கட்டத்திலும் காரின் அடையாளம் அறுந்துபோகவில்லை. அந்தப் பெயருக்கு உரிமை கோரக்கூடிய வேறொரு பென்ட்லியும் இல்லை. விற்பனைக்கு வந்தது உலோகம் மாத்திரமன்று, அதன் வரலாறும் புகழும் கூடவே வந்தன என்ற அடிப்படையில் விற்றவருக்குச் சார்பாகத் தீர்ப்பு வழங்கப்பட்டது.

எதை மாற்றினாலும் கார் அதே கார்தான் என்று இந்தத் தீர்ப்பைத் தமது வசதிக்கேற்ப வாசிக்க விரும்புவோர் இருக்கக்கூடும். அது பிழையான வாசிப்பு. அந்தக் கார் வென்றது, அறாத தொடர்ச்சி அதற்கு இருந்தமையாலும் அந்தத் தொடர்ச்சியை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்ட முடிந்தமையாலுமே. பதிவுகள் இல்லாதிருந்தால் வழக்கின் முடிவும் வேறாகியிருக்கலாம்.

ஒரு கோடி பவுண் காருக்குப் பொருந்தும் இந்த விதி, சாதாரண மனிதர் வாங்கும் காருக்கும் பொருந்தவேண்டும். எம்.ஜி.பி. காரை எடுத்துக்கொள்வோம். 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டது. அதற்குத் தனியான அடிச்சட்டகம் கிடையாது. உடற்கூடே அதன் முதுகெலும்பு. கதவுகளின் கீழே ஓடும் பகுதி துருப்பிடித்தால் காரின் பலமே குன்றிவிடும். 1988 முதல், பழைய அச்சுகளைக் கொண்டே இதற்கான புதிய உடற்கூடுகள் தயாரிக்கப்பட்டன. பழைய காரின் பாகங்களைப் புதிய கூட்டுக்கு மாற்றினால், முதுகெலும்பு முழுவதும் ஒரேயடியாகப் புதிதாகிவிடுகிறது. பாதுகாப்பாக ஓட விரும்புபவருக்கு அது நல்ல வழிதான். ஆனால், அதனைச் சொல்லாமல் விற்றால், வாங்குபவர் பழமைக்குரிய பணத்தைக் கொடுத்துப் புதியதை வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

ஸ்போர்ட்ஸ் கார்கள் அல்லவெனினும், பிரிட்டிஷ் கார்களைப் பாகம் மாற்றி வாழவைத்த அனுபவம் எமக்கும் உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ-40 களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை ஊற்றி எஞ்சினை இயக்கிவிட்டுப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவார்கள். கிடைக்காத பாகத்தின் வேலையைக் கிடைத்த பாகத்தைக் கொண்டு செய்வித்தார்கள் எமது மெக்கானிக்குகள். அவர்கள் பொருத்திய பொருந்தாத பாகம்தான் அந்தக் காரின் ஆவணம். அதனைக் கழற்றி எறிந்துவிட்டு, தொழிற்சாலையிலிருந்து வந்த நாளில் இருந்ததுபோல மினுக்கி விற்றால், கார் அழகாகிவிடும். அது கடந்துவந்த காலம் காணாமற்போய்விடும்.

ஆகவே, விற்பவர் செய்யவேண்டியது எளிது. சட்டக இலக்கமும் எஞ்சின் இலக்கமும் தொழிற்சாலைப் பதிவேட்டுடன் ஒத்துப்போகின்றனவா என்பதைக் கூறட்டும். வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பற்றுச்சீட்டுகளையும் முன்வைக்கட்டும். கழற்றிய பழைய பாகங்கள் கைவசம் இருப்பின் அவற்றையும் காருடன் சேர்த்துக் கொடுக்கட்டும். வாங்குபவரும் பூச்சின் மினுக்கத்தைப் பார்க்குமுன் இவற்றைக் கேட்கப் பழகவேண்டும்.

'ஓல்ட் நம்பர் வண்' காரின் வெளித்தோற்றம் வெற்றிபெற்ற நாட்களுக்கு உரியது. உள்ளே இருந்த இரும்பில் பெரும்பகுதியோ ஒரு மனிதர் உயிரிழந்த 1932 ஆம் ஆண்டுக்கு உரியது. வெற்றியை மட்டும் விளம்பரத்தில் எழுதி அந்த மரணத்தை விட்டுவிட்டால், விற்கப்படுவது பாதிக் கார்தான்.