திருமேனி அழகும் முகப்பருவும்

காரைக்காலை அடுத்த திருவேட்டக்குடியில் எழுந்தருளியிருக்கும் பெருமானுக்குத் திருமேனியழகர் என்பது திருநாமம். ஞானசம்பந்தர் பாடிய தலம் அது. சுவாமியின் பெயரிலேயே மேனியழகை வைத்துப் போற்றிய அந்த ஊரில், தங்கள் மேனியைப் பற்றி, அதிலும் முகத்தைப் பற்றி, ஓயாத விசாரத்தில் ஆழ்ந்திருக்கும் ஒரு கூட்டமும் உண்டு. பள்ளிக்கூடத்தின் மேல் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகளையும் பெண்களையுமே குறிப்பிடுகிறோம். தேசியத் தொழில்நுட்பக் கழகமும் அங்கேயே அமைந்திருப்பதால் பல மாநிலத்து இளைஞர்களும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். பாஷை வேறானாலும், கண்ணாடியின் முன் நின்று பருவை எண்ணிப் பெருமூச்சு விடுவதில் மாநில பேதம் கிடையாது.

“இது ஒரு பெரிய விஷயமா?” என்று பெரியவர்கள் கேட்கலாம். உயிருக்கு ஆபத்தில்லைதான். ஆனால் முகத்தில் பரு நிறைந்த பெண், விடை தெரிந்திருந்தும் வகுப்பில் எழுந்து நிற்கத் தயங்குகிறாள்; புகைப்படம் எடுக்கும்போது பின் வரிசைக்கு நழுவுகிறாள். ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதை ஆண்டுதோறும் காண்கிறோம். அழகே வேண்டாமென்று பேயுருவை விரும்பி ஏற்ற அம்மையார் காரைக்காலில் பிறந்தவர் என்பது மெய்யே. அந்த வைராக்கியத்தைப் பதினாறு வயதுப் பெண்ணிடம் எதிர்பார்ப்பது நியாயமன்று.

முதலில் பரு எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். தோலிலுள்ள ஒவ்வொரு மயிர்க்காலின் பக்கத்திலும் ஒரு சிறு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் பெருகுவதால் அச்சுரப்பிகள் மிகுதியாக எண்ணெயைச் சுரக்கின்றன. உதிரவேண்டிய தோலின் செல்கள் எண்ணெயோடு சேர்ந்து துவாரத்தை அடைத்துக் கொள்கின்றன. அடைப்புக்குள்ளே, சாதாரணமாக நம் தோலில் வசிக்கும் ஒருவகைக் கிருமி பெருகுகிறது. அதனால் தோல் சிவந்து வீங்குகிறது. 12 வயதிலிருந்து 24 வயது வரையில் 100 பேரில் ஏறக்குறைய 85 பேருக்கு ஏதோ ஓர் அளவில் இது வருவதாக மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஆகவே பரு வருவது அழுக்கினாலும் அன்று, ஒழுக்கக் குறைவினாலும் அன்று. மூக்கின்மேல் காணும் கரும்புள்ளியின் கருமைகூட அழுக்கன்று. அடைப்பிலுள்ள பொருள் காற்றுப்பட்டுக் கறுத்ததேயாகும். அதை நாரால் தேய்த்துப் போக்க முயல்வது தோலைப் புண்ணாக்கவே பயன்படும்.

ஆனி மாதத்தில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது, மாம்பழங்களை வாரி இறைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சமயத்திலும் சில வீடுகளில், “சூடு, பரு வரும்” என்று பெண்ணுக்கு ஒரு துண்டம் பழம் கிடைப்பதில்லை. மாம்பழத்தைத் தனியே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போதிய சான்று இல்லை. சர்க்கரையும் மைதாவும் மிகுந்த ஆகாரம், குளிர்பானம், மிட்டாய் வகைகள் இவை பருவைச் சற்றே அதிகப்படுத்தலாம் என்பதற்குத்தான் சில ஆராய்ச்சிகள் ஆதரவளிக்கின்றன. அவற்றைக் குறைப்பது பற்களுக்கும் நல்லது.

இனி அன்றாடப் பழக்கங்கள். காலையும் மாலையும் மென்மையான சோப்பினால் முகத்தைக் கழுவினால் போதும்; வியர்த்து விளையாடி வந்த பிறகு இன்னொரு முறை. நாள் முழுவதும் கழுவிக் கொண்டேயிருந்தால் தோல் வறண்டு எரியும். கடற்கரைப் புழுக்கத்தில் வியர்வையோடு தலையெண்ணெயும் வழிந்து நெற்றியில் இறங்குகிறது. நெற்றியோரத்தில் மட்டும் பரு கூட்டமாக வருமானால் எண்ணெயின்மேல் சந்தேகம் கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அளவாகத் தடவி, நெற்றியைத் துடைத்துவிட்டு, தலையணை உறையை அடிக்கடி மாற்றினால் போதும். முகத்திற்குத் தேங்காயெண்ணெய் மாத்திரம் வேண்டாம். அது துவாரங்களை அடைக்கக்கூடியது. எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கும். பற்பசையும் பல்லுக்கே உரியது.

கிள்ளுவது எல்லாவற்றிலும் தீயது. நம்மவர்களின் மாநிறத் தோலில், பரு ஆறிய இடத்தில் கருந்தழும்பு நின்றுவிடுகிறது. நகம் பட்டால் அது ஆழமாகும். வெயில் பட்டால் இன்னும் கறுக்கும். குடையும், எண்ணெய்ப் பசையற்ற வெயில் தடுப்புக் களிம்பும் உதவும். அந்தக் கருமை தானே மறையும். ஆனால் அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

இந்தப் பொறுமையின்மைதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த ஆபத்துக்கு வழி திறக்கிறது. ஒரு தோழி சொன்னாள் என்று, அல்லது கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார் என்று, மருந்துக் கடையிலிருந்து ஒரு சிறு குழாய்க் களிம்பு வீட்டுக்கு வருகிறது. தடவிய சில நாட்களிலே சிவப்பு அடங்குகிறது. நிறமும் வெளுத்தாற்போல் தோன்றுகிறது. வீட்டில் எல்லோருக்கும் ஆனந்தம்! அந்தக் களிம்பில் இருப்பது பல சமயங்களில் ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களைக் குழாயின்மேல் தேடிப் பாருங்கள். சில தோல் நோய்களுக்கு, வைத்தியரின் மேற்பார்வையில், இவை அருமையான மருந்துகள். மாதக்கணக்காக முகத்தில் தடவினாலோ தோல் மெலிகிறது, இரத்தக் குழாய்கள் வெளியே தெரிகின்றன, மயிர் முளைக்கிறது, முன்னிலும் அதிகமாகப் பரு கிளம்புகிறது. நிறுத்தினால் முகம் தீப்பற்றியதுபோல் எரிவதால், பயந்து மீண்டும் அதையே தடவுகிறார்கள். தோல் வைத்தியர்கள் நெடுங்காலம் முறையிட்டதன் பேரில், 2018-ஆம் ஆண்டு மார்ச் மாதம் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டுக் களிம்புகளை ‘எச்’ அட்டவணையில் சேர்த்து, டாக்டரின் சீட்டின்றி விற்கலாகாது என்று விதித்தது. சட்டம் கடை வாசல் வரைதான் வரும். வீட்டு அலமாரியைச் சோதிக்க வேண்டியவர்கள் நாமே.

முறையான சிகிச்சை உண்டு. லேசான பருவுக்கு பென்சாயில் பெராக்ஸைடு என்னும் மருந்து நெடுநாளாகப் பயன்பட்டு வருகிறது. 2.5 சதவிகிதக் களிம்பே 10 சதவிகிதத்துக்கு ஏறக்குறைய ஈடான பலன் தரும், எரிச்சலும் குறைவு. ஆனால் துண்டையும் தலையணை உறையையும் அது வெளுத்துவிடும் என்பதை முன்னதாகவே அறிந்திருங்கள். எந்தச் சிகிச்சையும் பலன் காட்ட 6 முதல் 12 வாரங்கள் ஆகும். பத்தே நாளில் கைவிடுவது விதைத்த மறுநாளே அரிவாளைத் தீட்டுவது போலாகும். உள்ளே கட்டி கட்டியாக வலிக்கும் பரு, குழி விழும் பரு, பெண்களுக்கு மாதவிலக்கு ஒழுங்கின்மையோடும் முகத்தில் ரோம வளர்ச்சியோடும் வரும் பரு இவற்றுக்குத் தாமதமின்றி வைத்தியரை நாட வேண்டும். அவர் தரும் மருந்துகளில் சில, கர்ப்பிணிகள் தொடவே கூடாதவை. ஆதலால் ஒருவரின் மருந்தை மற்றொருவர் வாங்கிப் போட்டுக்கொள்ளலாகாது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. கலியாண வீட்டில் சந்திக்கும் பெண்ணிடம், “என்னடி, முகமெல்லாம் இப்படி ஆகிவிட்டது?” என்று அன்பு மிகுதியால் கேட்கிறோம். அவள் அதைக் காலையில் கண்ணாடியில் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். அந்தக் கேள்வியைத் தவிர்த்து, அவள் படிப்பைப் பற்றி விசாரித்தால், கடைக் களிம்பை நாடும் அவசரம் பாதி குறைந்துவிடும்.