"சிரி... சிரி..." என்று அதட்டினால் சிரிப்பு வருமா?

முகூர்த்த நாள் வந்தால் போதும். திருவேற்காடு கருமாரியம்மன் கோவில் பக்கம் வண்டி நகராது. பாடி தொடங்கி அம்பத்தூர், ஆவடி வரை சி.டி.எச். ரோட்டில் மண்டபத்துக்கு மண்டபம் சீரியல் பல்பும் வாழை மரமும்தான்.

போன மாதம் அம்பத்தூர் பக்கம் ஒரு வரவேற்பு. மேடையில் தொடங்கிய வரிசை வாசல் வரை நின்றது. எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து நேராக வந்தவர்கள் மொய்க் கவரோடு கால் மாற்றி நின்றார்கள். மணமக்களோ நின்றது நின்றபடி இரண்டரை மணி நேரம்!

"மேடம், தாடையை இறக்குங்க... சார், தோளைத் திருப்புங்க... சிரிங்க! இன்னும் கொஞ்சம் சிரிங்க!"

கீழே இருந்து பெரியம்மா வேறு, "ஏண்டி உம்முனு நிக்கிறே? சிரிடி!" என்று ஒரு சத்தம். பாவம், மத்தியானம் இரண்டு வாய் சாப்பிட்ட பெண். அவளும் சிரித்தாள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியது போல இருந்தது!

"போட்டோதானே, இதையெல்லாம் எழுதணுமா?" என்று கேட்பீர்கள். போலீஸ் நிலையங்களுக்கு அலைகிற நிருபர் என்பதால் சொல்கிறேன்.

சுவரில் இருந்து இறங்கும் படம்

ஆளைக் காணவில்லை என்று வருகிறவரிடம் முதலில் கேட்பது, "போட்டோ இருக்கா?" என்பதுதான். பெரியவர்கள் கழற்றிக்கொண்டு ஓடி வருவது சுவரில் மாட்டிய கல்யாணப் படத்தை. அப்படி ஒரு தாய் கொண்டுவந்த படத்தில் கழுத்து நிறைய மாலை, முகம் நிறைய பவுடர், விறைத்த பார்வை. ஏட்டையா கேட்டார், "ஏம்மா, பொண்ணு நிஜத்துல இப்படித்தான் இருக்குமா?"

"இல்லீங்கய்யா. எம் பொண்ணு சிரிச்சா கன்னத்துல குழி விழும். இதுல விழலை."

நல்லவேளை, பெண் மறுநாளே வீடு திரும்பிவிட்டாள். ஆனால் அந்தத் தாய் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது. பல வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து நிற்கும் பெரிய படம் அது ஒன்றுதான். அதில் அவர்கள் முகம் இருக்க வேண்டாமா?

அன்று நியாயம், இன்று?

1839-ல் படம் பிடிக்கும் வித்தை உலகுக்கு அறிவிக்கப்பட்டபோது ஒரு படம் பதிய நிமிடக் கணக்கில் ஆனது. ஆடினால் கலங்கிவிடும். பின்கழுத்துக்கு இரும்புத் தாங்கி வைத்து ஆளை நிறுத்தினார்கள். நம் அப்பா காலத்தில் 120 ரோலில் சதுரப் படம் 12-தான் விழும். ஒன்று கெட்டால் காசு போச்சு. "அசையாதே" என்று அதட்டியதில் நியாயம் இருந்தது. இப்போது ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். பிலிம் செலவு போய்விட்டது. அதட்டல் மட்டும் போகவில்லை!

டூஷென் என்ற பிரெஞ்சு டாக்டர் 1862-லேயே எழுதிவிட்டார்: வாயோரத் தசை நாம் சொன்னால் கேட்கும்; கண்ணைச் சுற்றிய தசை மனசு மகிழ்ந்தால்தான் அசையும் என்று. ஆல்பத்தில் வாய் சிரித்து, கண் முழிப்பது இதனால்தான்.

"இயற்கையா இருக்கட்டும்" என்று ஆற்றுக்கும் தண்டவாளத்துக்கும் ஓடுவது அதைவிட விபரீதம். 2020 நவம்பர் 9-ல் கர்நாடகத்துத் தலக்காடு அருகே, கல்யாணத்துக்கு முன்பே படம் எடுக்கக் காவிரியில் பரிசல் ஏறிய ஜோடி, பரிசல் கவிழ்ந்து பலியானது. கல்யாணத்துக்கு இரண்டு வாரம்கூட இல்லை! ஆவடி, அம்பத்தூர் தண்டவாளமும் விளையாட்டு இடமல்ல. அத்துமீறி நுழைந்தால் ரயில்வே சட்டம் 147-வது பிரிவுப்படி 6 மாதம் வரை ஜெயில், அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

என்ன செய்யலாம்?

போட்டோகிராபரை முகூர்த்தத்தன்றுதான் முதல்முதலாகப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளாதீர்கள். முன்பே வீட்டுக்குக் கூப்பிட்டு, ஒரு டீ கொடுத்துப் பேசுங்கள். தெரிந்த ஆள் முன்னால் உடம்பு விறைக்காது. மேடை ஏறும் முன் மணமக்கள் வயிறாரச் சாப்பிடட்டும். அரை மணிக்கு ஒருமுறை வரிசையை நிறுத்தி அவர்களை உட்கார விடுங்கள். கேமராவை முறைப்பதற்குப் பதில் இருவரும் ஏதாவது பேசிக்கொண்டிருக்கட்டும். மூச்சை இழுத்து விட்டால் தோள் தானே இறங்கும். பிளாஷ் அடித்ததும் கண் மூடுகிறவர்கள் முதலிலேயே மூடிக்கொண்டு, மூன்று எண்ணும்போது திறக்கலாம்.

போட்டோகிராபர் தம்பிகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. "வந்த அத்தனை பேரோடவும் படம் வேணும், ஒருத்தர் விட்டாலும் சண்டை" என்று அவர்களை மிரட்டுவது நாம்தானே! நெருங்கிய சொந்தத்துக்கு மேடைப் படம் போதும். மற்றவர்களை மணமக்களே பந்திக்கு இறங்கி வந்து கும்பிடட்டும். ஷிப்ட் முடித்து வந்தவரும் சாப்பிட்டுவிட்டுக் கடைசி பஸ்சைப் பிடிப்பார்.

அடுத்த முகூர்த்தத்திலாவது, "சிரிடி" என்று சத்தம் போடும் பெரியம்மா, ஒரு டம்ளர் மோரை எடுத்துக்கொண்டு மேடை ஏறுவாரா? ஏறினால், கன்னத்தில் குழி தானாக விழும்!