ஒரு வட்டில் இரு குடித்தனம்

மைசூர் மண்டி மொஹல்லாவில் அறை எடுத்துப் படிக்கும் நம் மாணவ நண்பர்கள் சிலர், மடிக்கணினியில் விண்டோசோடு லினக்சையும் ஏற்றிக்கொள்ள விழைகின்றனர். நல்ல விருப்பம். விண்டோஸ் 10-க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்ட நிலையில், பழைய கணினி வைத்திருப்போர்க்கு அது தேவையுங்கூட. ஆனால் உபுண்டுவைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவத் தொடங்கினால், உள்ளே இருக்கும் வட்டு அதன் கண்ணுக்கே தெரிவதில்லை! கடைக்கு ஓடுகிறார்கள். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடலாம்" என்ற விடை வருகிறது. பாதி எழுதிய ஆய்வேட்டையும் பறிகொடுக்கச் சம்மதிப்போர் உண்டு. லினக்சே வேண்டாமென்று கைகழுவுவோரும் உண்டு. இரண்டுமே வேண்டாத தோல்விகள் என்பேன்.

வட்டு எங்கும் போய்விடவில்லை. இன்டெல் சில்லு கொண்ட மடிக்கணினிகள் பல, பயாசில் 'ரெய்டு' அல்லது 'ஆர்.எஸ்.டி.' என்ற அமைப்போடு விற்பனைக்கு வருகின்றன. பல வட்டுகளைப் பிணைத்து ஒன்றாக ஆள்வதற்கு ஏற்பட்டது ரெய்டு. ஒரே வட்டுள்ள மடிக்கணினிக்கு அது எதற்கு? ஒற்றை மாட்டுக்கு இரட்டை நுகத்தடி பூட்டிய கதைதான்! அதை 'ஏ.எச்.சி.ஐ.' என்று மாற்றினால் லினக்சுக்கு வட்டு தெரியும். வேகத்தில் நாம் உணரத்தக்க இழப்பு ஏதுமில்லை.

ஆனால் எடுத்த எடுப்பில் மாற்றிவிடலாகாது. அவ்வாறு செய்தால் அடுத்த முறை விண்டோஸ் எழாது. நீலத்திரை காட்டி நின்றுவிடும். ஏ.எச்.சி.ஐ.க்கு உரிய இயக்கியைத் தொடக்கத்திலேயே ஏற்ற அது ஆயத்தமாக இல்லாததே காரணம். வட்டு கெட்டுவிட்டதென்று பலர் அஞ்சுவது இங்கேதான்.

முதலில் கோப்புகளை வெளி வட்டில் நகலெடுங்கள். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, பூட்டைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு 'எம்எஸ்கான்ஃபிக்' சாளரத்தில், அடுத்த தொடக்கம் 'சேஃப் மோட்' ஆகட்டும் எனக் குறியுங்கள். கணினியை மறுபடி தொடங்கும்போது பயாசுக்குள் புகுந்து ஏ.எச்.சி.ஐ.யைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் எழுந்து, தனக்கு வேண்டிய இயக்கியைத் தானே ஏற்றிக்கொள்ளும். அந்நிலையில் நான்கு இலக்கப் 'பின்' எண் செல்லாமற் போகலாம். கணக்கின் முழுக் கடவுச்சொல் நினைவில் இருக்கட்டும். பின்னர்ச் சேஃப் மோட் குறியை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. விண்டோசைக்கொண்டே அதன் பகுதியைச் சுருக்கி லினக்சுக்கு இடம் ஒதுக்குங்கள். 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணைக்க மறவாதீர்; அது விண்டோசை முழுதும் மூடாமல் அரைத்தூக்கத்தில் வைப்பதால், அதன் கோப்புகளில் எழுத லினக்ஸ் மறுக்கும்.

இதில் பொறியாளர்க்கே உரிய மறைபொருள் என்ன இருக்கிறது? 2011-இல் தமிழ்நாட்டரசு மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் சேர்ந்தே குடியிருந்தன. இரண்டையும் கொடுத்தார்கள், இரண்டாவதைத் தொட்டுப் பார்க்க எத்தனை பள்ளிகளில் சொல்லிக்கொடுத்தார்கள்? உருதும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கக் காணும் நமக்கு, ஒரு வட்டில் இரு இயங்குதளம் பெரிய அதிசயமா?

கணினி விற்போர், இந்த அமைப்பைப் பற்றி ஒரு வரியேனும் கையேட்டில் அச்சிட வேண்டும். அவர்கள் அச்சிடும்வரை நம் மன்றம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் ஒரு மாலையை இதற்கென ஒதுக்கட்டும். நகலெடுக்க ஒரு வெளி வட்டு, ஒரு பென்டிரைவ், செய்து பழகிய மூத்த மாணவர் இருவர் போதும், கட்டணமும் வேண்டா.