தாயார் பெயரில் ஒரு பாட்டு

காகிதக் கூடையில் எறியப்பட்ட பாட்டு ஒன்று தேசம் முழுவதும் பிரஸித்தி அடைந்த விருத்தாந்தத்தை இந்த வாரம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென் பகுதியில், மிஸிஸிப்பி நதி கடலை நெருங்குமிடத்தில், நியூ ஆர்லியன்ஸ் என்னும் பட்டணம் இருக்கிறது. 1960-ம் வருஷத்தையொட்டி அங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தின் முன்கூடத்தில் தினந்தோறும் பாடகர்கள் வந்து கூடுவார்கள். பியானோவுக்கு முன்னால் 22 வயது வாலிபர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அன்று அவர் மாமியாரைப் பற்றி ஒரு வேடிக்கைப் பாட்டு எழுதி, எர்னி கே-டோ என்ற பாடகரிடம் கொடுத்தார். கே-டோ சங்கோசம் அறியாத மனிதர். எடுத்த எடுப்பிலேயே கூரை அதிரும்படி பாட்டைக் கத்தித் தீர்த்துவிட்டார். வாலிபருக்கு மனம் விட்டுப் போயிற்று. கோபித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை; காகிதத்தைக் கசக்கிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு வேறு வேலையைக் கவனிக்கத் தொடங்கினார். பின்பாட்டுப் பாட வந்திருந்த வில்லி ஹார்ப்பர் என்பவர்தான் அந்தக் காகிதத்தைப் பொறுக்கியெடுத்து, "கொஞ்சம் அமைதியாகப் பாடிப் பாருமையா!" என்ற பொருள்பட கே-டோவுக்குப் புத்தி சொன்னார்.

1961-ல் 'மதர் இன் லா' என்ற அந்தப் பாட்டு அமெரிக்க ஜனரஞ்சகப் பாட்டுகளின் வரிசையில் முதல் ஸ்தானத்தைப் பிடித்தது. நடுநடுவே கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் 'மாமியார்' என்று முழங்கும் கனத்த சாரீரம் பென்னி ஸ்பெல்மன் என்பவருடையது. மாமியார்மார் பொறுத்தருள வேண்டும். பாட்டில் சொல்லியிருப்பது அவ்வளவும் அபாண்டம் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருப்பது சிரமம். கே-டோ பிற்காலத்தில் தாம் வைத்த கேளிக்கை விடுதிக்கே அந்தப் பாட்டின் பெயரைச் சூட்டி, கடைசிவரை அதைக் கொண்டே வாழ்ந்தார்.

கூடையில் எறிந்த வாலிபரின் பெயர் ஆலன் டூஸாண்ட்.

இந்தப் பகுதியில் பெரும்பாலும் பாடுகிறவர்களைப் பற்றியும் வாசிக்கிறவர்களைப் பற்றியுமே எழுதி வந்திருக்கிறோம். இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் வட்டக் காகிதத்தைச் சற்று உற்றுப் பார்த்தால், பாடகர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்க, அதன் அருகே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருப்பது தெரியும். பாட்டை எழுதியவர் பெயர் அது. அமெரிக்காவில் ராக், பாப் என்று வழங்கும் சங்கீதத்தில் இந்தப் பொடி எழுத்து ஆசாமி சில சமயம் பாட்டை எழுதியதோடு நிற்பதில்லை. எந்தப் பாடகருக்கு எந்தப் பாட்டு, எந்த வாத்தியம் எந்த இடத்தில் நுழைவது, எங்கே வாயை மூடிக்கொண்டிருப்பது என்பதையெல்லாம் தீர்மானித்து, ஒத்திகை நடத்தி, ஒலிப்பதிவு முடிகிறவரை உடன் நிற்கிறார். தயாரிப்பாளர் என்று அவருக்குப் பெயர். பதிவு நன்றாக அமைந்தால் பாடகருக்குப் புகழ். கெட்டுப் போனால் இவருக்கு வசவு.

டூஸாண்டின் பதிவுகளில் அந்தப் பொடி எழுத்திலும் ஒரு விசித்திரம் உண்டு. 1960-களில் நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த தட்டுகள் பலவற்றில் 'நவோமி நெவில்' என்ற பெயர் காணப்படும். பென்னி ஸ்பெல்மன் பாடிய 'ஃபார்ச்சூன் டெல்லர்' அந்த அம்மாள் இயற்றியது என்று போட்டிருக்கும். அதைப் பின்னால் இங்கிலாந்தின் ரோலிங் ஸ்டோன்ஸ் கோஷ்டியும் பாடிற்று. ஐர்மா தாமஸ் பாடிய உருக்கமான பாட்டுகள் சிலவும் அந்த அம்மாள் பேரிலேயே இருக்கும். உண்மையில் நவோமி நெவில் அம்மாள் பாட்டு எழுதியவர் அல்லர். அவர் டூஸாண்டின் தாயார். வெளியீட்டு உரிமை சம்பந்தமான ஒப்பந்தத் தளைகளுக்கு அகப்படாமலிருக்க, பிள்ளை தம் பாட்டுகளைத் தாயாரின் கன்னிப் பெயரில் பதிந்து வைத்தார். பாடகர்களும் வாத்தியக்காரர்களும் வந்து மொய்த்த அந்த முன்கூடத்தில் அவர்களையெல்லாம் முகம் கோணாமல் வரவேற்று உபசரித்தவர் அந்த அம்மாள்தான். ஆகையால் பெயர் அடியோடு பொருந்தாதென்று சொல்வதற்கில்லை.

1963-ல் ஐர்மா தாமஸின் 'ரூலர் ஆஃப் மை ஹார்ட்' என்ற பாட்டைச் சற்றே மாற்றி, ஓடிஸ் ரெட்டிங் என்ற பெரிய பாடகர் 'பெயின் இன் மை ஹார்ட்' என்று பாடினார். தட்டில் இயற்றியவர் பெயராகத் தம் பெயரே இருக்கும்படி விட்டுவிட்டார். தகராறு எழுந்தது. கடைசியில் பாட்டு உரியவர் பெயருக்குத் திரும்பிற்று. உரியவர், காகிதத்தின்படி, நவோமி நெவில்!

டூஸாண்ட் பிறந்தது 1938-ம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி, அந்தப் பட்டணத்தின் ஜெர்ட் டவுன் பகுதியில். ஒன்றன் பின் ஒன்றாக அறைகள் நீண்டு கிடக்கும் குறுகிய வீடு. தகப்பனார் ரயில்வேயில் வேலை பார்த்தவர், டிரம்பெட் ஊதுவார். பையன் பியானோவைத் தானாகவே பழகிக்கொண்டான். 'புரொபஸர் லாங்ஹேர்' என்ற உள்ளூர் வித்வானின் வாசிப்பு அவனை ஆட்கொண்டது. பிறர் கையை அப்படியே தன் கையில் கொண்டுவரும் சாமர்த்தியம் சிறு வயதிலேயே வந்துவிட்டது. அதனால் நேர்ந்ததைக் கேளுங்கள்: ஃபாட்ஸ் டாமினோ என்பவர் அப்போது அமெரிக்கா முழுவதும் கொண்டாடிய பாடகர், பியானோக்காரர். 1957-ல் அவர் வெளியூர்களில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது, அவருடைய தட்டு ஒன்றுக்கு வேண்டிய பியானோவை அவர் பாணியிலேயே வாசித்துப் பதிவு செய்ய 19 வயது டூஸாண்டை அழைத்தார்கள். டாமினோ திரும்பி வந்து குரலை மட்டும் சேர்த்தார். வாங்கினவர்கள் டாமினோவின் விரல்களை மெச்சியிருப்பார்கள்.

மறு வருஷம் அவருடைய சொந்த வாசிப்பே ஒரு தட்டாக வந்தது. பேரில் மட்டும் கத்தரி விழுந்துவிட்டது. டூஸாண்ட் என்ற பிரெஞ்சுப் பெயர் ஜனங்களின் வாயில் நுழையாது என்று கருதினார்கள் போலும்! கடைசி எழுத்தை வெட்டி, 'டூஸன்' என்று அட்டையில் அச்சிட்டார்கள். அந்தத் தட்டிலிருந்த 'ஜாவா' என்ற மெட்டை அல் ஹர்ட் என்பவர் டிரம்பெட்டில் ஊத, 1964-ல் அது அமெரிக்காவெங்கும் ஒலித்தது. பட்டாளத்தில் கட்டாய சேவை செய்த காலத்திலும் இதே கதைதான். டெக்ஸாஸ் ராணுவ முகாமில் இருந்தபடியே அவர் செய்த 'விப்ட் கிரீம்' என்ற மெட்டை ஹெர்ப் ஆல்பர்ட் எடுத்து வாசித்தார். அது ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு முத்திரை இசையாகி, வீடுதோறும் கேட்டது. அதிலும் நவோமி நெவில் பெயர்தான்.

பட்டாளத்திலிருந்து 1965-ல் திரும்பியபின், லீ டார்ஸி என்பவருக்காக அவர் எழுதிய பாட்டுகள் நமக்கு மிகவும் பிடித்தமானவை. டார்ஸி மோட்டார் வண்டிகளின் நசுங்கல் எடுத்து வர்ணம் பூசும் பட்டறைக்காரர், முன்னாள் குத்துச்சண்டைக்காரர். பாட்டுகளில் பணம் வந்த பிறகும் பட்டறையை விடவில்லை. 1966-ல் வந்த 'ஒர்க்கிங் இன் தி கோல் மைன்' நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் அலுப்பைச் சொல்வது. பின்னணியில் சம்மட்டி விழும் சத்தங்கூடக் கேட்கும். எழுதியவரும் பாடியவரும் சுரங்கத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் அல்லர். ஆனால் டார்ஸியின் குரலில் நாள் முழுதும் உழைத்த மனிதனின் சோர்வும் கேலியும் கலந்திருந்தன. அதைத்தான் டூஸாண்ட் பிடித்துக்கொண்டார். பாட்டை எழுதிவிட்டுப் பாடகரைத் தேடுவது அவர் வழக்கம் அன்று. பாடகரின் சாரீரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, அதற்கு அளவெடுத்த சட்டைபோல் பாட்டைத் தைப்பார்.

1973-ல் ஜெண்டில்லி என்ற பகுதியில், மார்ஷல் ஸீஹார்ன் என்ற கூட்டாளியுடன் 'ஸீ-ஸெயிண்ட்' என்னும் ஒலிப்பதிவு நிலையத்தை நிறுவினார். பெரிய பெரிய ஆசாமிகள் தேடிக்கொண்டு வந்தார்கள். பீட்டில்ஸ் கோஷ்டியில் இருந்த பால் மெக்கார்ட்னி 1975-ல் வந்து பதிவு செய்துவிட்டுப் போனார். பட்டி லபெல் கோஷ்டியாரின் 'லேடி மார்மலேட்' இவர் தயாரிப்பில் உருவாகி, அதே வருஷம் முதல் ஸ்தானத்தை அடைந்தது. அந்தப் பாட்டின் விஷயத்தைக் குடும்பப் பத்திரிகையில் விவரிக்க நமக்கு உத்தேசமில்லை. சொற்கள் இவருடையவை அல்ல என்று மட்டும் தெரிவித்துக்கொள்கிறோம்.

இத்தனைக்கும் நடுவில் தமக்கென்று ஒரு பாட்டு எழுதவேண்டும் என்று அவருக்குத் தோன்றியதா? தானாகத் தோன்றவில்லை. ஒரு சமயம் வான் டைக் பார்க்ஸ் என்ற சங்கீதக்காரர் அவரைப் பார்க்க வந்தார். 'இரண்டு வாரத்தில் உமக்கு மரணம் என்று நிச்சயமாகத் தெரிந்தால், எதைச் செய்துவிட்டுப் போக விரும்புவீர்?' என்ற தோரணையில் ஒரு கேள்வியைப் போட்டார். அந்தக் கேள்விக்கு விடையாகப் பிறந்ததுதான் 1975-ல் வெளிவந்த 'ஸதர்ன் நைட்ஸ்'.

குழந்தைப் பருவத்தில் டூஸாண்டின் பெற்றோர்கள் பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாட்டுப்புறத்து உறவினர் வீடுகளுக்குப் போவார்கள். ராத்திரி வேளையில் கிழவர்களும் கிழவிகளும் வாசல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, கிரியோல் என்ற பழைய பிரெஞ்சுக் கலப்புப் பாஷையில் கதை பேசிக்கொண்டிருப்பார்கள். பட்டணத்து விளக்குகள் இல்லாத இருட்டு, தலைக்கு மேலே நட்சத்திரங்கள், மரங்களிடையே காற்று. பேச்சில் பாதி குழந்தைக்குப் புரியாது. புரியாமலே கேட்டுக்கொண்டிருந்த அந்த இரவுகளைத்தான் அவர் பாட்டாக்கினார். யாருடைய சாரீரத்துக்கும் அளவெடுக்காத பாட்டு. தம் குரலையே சுழலும் ஒலிபெருக்கி வழியாகச் செலுத்திப் பதிவு செய்தார். அதனால் தண்ணீருக்கடியிலிருந்து பாடுவதுபோல் குரல் கலங்கிக் கேட்கும். வேண்டுமென்றே மறைந்துகொண்டாரோ என்று நமக்குச் சந்தேகம்.

அந்தத் தட்டு விற்பனையில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. அர்க்கன்ஸா கிராமம் ஒன்றில் பிறந்து வளர்ந்த வெள்ளையர், கிளென் காம்ப்பெல் என்ற பாடகர் அதைக் கேட்டார். தம் சொந்தக் குழந்தைப் பருவமே அதில் இருப்பதாக உணர்ந்து, துள்ளலாக மாற்றிப் பாடினார். 1977-ல் அது முதல் ஸ்தானத்துக்கு வந்தது. டூஸாண்ட் தமக்காகவே எழுதிய பாட்டும் இவ்விதமாக இன்னொருவர் குரலில்தான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. காம்ப்பெல்லின் பதிவு குதூகலமானது, நாமும் ரஸித்ததுண்டு. ஆனால் அந்த இருட்டும் கிழவர்களின் பேச்சும் அதில் இல்லை.

இதனாலெல்லாம் மனிதர் ஏழையாயிருந்தார் என்று எண்ணிவிட வேண்டாம். மிக நேர்த்தியாக உடுத்தி, ரோல்ஸ் ராய்ஸ் மோட்டாரில் போவார். மோட்டாரின் பலகையில் தம் பெயரைப் போடாமல் 'பியானோ' என்று போட்டிருந்தார். ஊரில் வருஷந்தோறும் நடக்கும் இசைவிழாவில் வாசிப்பார். மற்றபடி ஊர் ஊராகக் கச்சேரி செய்வதில் அவருக்கு நாட்டமில்லை.

2005-ம் வருஷம் ஆகஸ்டு 29-ந் தேதி கத்ரீனா புயல் வந்தது. புயலைவிடக் கொடியதாய் முடிந்தது கால்வாய்க் கரைகள் உடைந்தது. பட்டணத்தில் 100-க்கு 80 பங்கு நீரில் மூழ்கிற்று. ஜெண்டில்லியில் டூஸாண்டின் வீட்டில் வெள்ளம் புகுந்தது. பியானோ போயிற்று, கைப்பட எழுதிய ஸ்வரக் குறிப்புகளும் பழைய பதிவுகளும் போயின. ஒலிப்பதிவு நிலையமும் பாழாயிற்று. 67 வயதில் அவர் நியூயார்க்கில் குடியேற நேர்ந்தது.

அங்கே ஜோஸ் பப் என்ற சிறிய சங்கீத அரங்கில் தனியாகப் பியானோவுடன் உட்கார்ந்து, இத்தனை வருஷங்களாகப் பிறருக்கு எழுதிக் கொடுத்த பாட்டுகளைத் தாமே பாடத் தொடங்கினார். கேட்க வந்தவர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும், 'இதுவும் இவருடையதா?' என்று திகைத்தார்கள். 'ஸதர்ன் நைட்ஸ்' பாட்டுக்கு நடுவில் நிறுத்தி, அந்தக் கிராமத்து இரவுகளை வெகு நேரம் கதையாகச் சொல்லுவார். கத்ரீனாதான் தமக்குக் கச்சேரி பிடித்துக் கொடுத்த ஏஜெண்டு என்று வேடிக்கையாகச் சொல்வது வழக்கம். எல்லாம் போன மனிதர் அப்படிச் சொல்வதைக் கேட்டுச் சிரிப்பதா என்று நமக்குத் தெரியவில்லை. 2006-ல் எல்விஸ் காஸ்டெல்லோவுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட பதிவின் ஒரு பகுதி, வெள்ளம் வடிந்த நியூ ஆர்லியன்ஸிலேயே நடந்தது. பிற்பாடு சொந்த ஊருக்கே திரும்பிவிட்டார். 2013-ல் ஜனாதிபதி ஒபாமா வெள்ளை மாளிகையில் அவருக்குத் தேசீயக் கலைப் பதக்கம் அணிவித்தார். 2015-ம் வருஷம் நவம்பர் மாதம் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரில் கச்சேரி முடிந்த அன்றிரவே மாரடைப்பு ஏற்பட்டுக் காலமானார். அப்போது வயது 77.

ஜெண்டில்லி வழியாக நீண்ட சாலை ஒன்று போகிறது. அதற்கு ராபர்ட் ஈ. லீ என்ற சேனாதிபதியின் பெயர் இருந்து வந்தது. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்து சென்ற தென் மாகாணங்களின் படைக்குத் தலைமை வகித்துப் போரிட்டவர் அவர். அந்த அடிமைகளின் சந்ததியார் அதிகமாக வசிக்கும் பட்டணத்தில், சாலைக்குச் சாலை தங்கள் பாட்டன்மாரின் சங்கிலியை இறுகப் பிடித்தவர்களின் பெயரைச் சொல்லித்தான் அவர்கள் வழி கேட்க வேண்டியிருந்தது. 2017-ல் லீயின் சிலையைப் பீடத்திலிருந்து இறக்கினார்கள். 2022-ம் வருஷம் ஜனவரியில் நகர சபையார் அந்தச் சாலைக்கு ஆலன் டூஸாண்ட் சாலை என்று பெயர் மாற்றத் தீர்மானித்தார்கள். புதிய பலகையில் பெயர் முழுதாகவே இருக்கிறது. கடைசி எழுத்தை யாரும் வெட்டவில்லை.