அம்பு பட்ட மான் எங்கே போச்சு? அமெரிக்க வில் வேட்டையில் கணக்கில் வராத உயிர்கள்!

'அம்பு பட்ட மான் ஏதாவது இந்தப் பக்கம் வந்துச்சா?'

நம்முடைய பழைய அகப்பாடல் மரபில், தினைப்புனம் காக்கும் பெண்ணிடம் பேச்சுக் கொடுக்கத் தலைவன் கண்டுபிடித்த சாக்கு இது. அங்கே மானும் கிடையாது, அம்பும் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் தொடங்கி குளிர்காலம் வரை, இதே கேள்வியோடு நிஜமாகவே காட்டில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். வில் வேட்டைக்காரர்கள்!

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டையை மறந்துவிட்ட நமக்கு இது வேறு உலகம். அங்கே மான் வேட்டை, அரசு உரிமம் கொடுத்து நடத்தும் விஷயம். வெள்ளைவால் மான்கள் மட்டுமே சுமார் மூன்று கோடி. துப்பாக்கி வெடிக்க முடியாத புறநகர்ப் பகுதிகளில், மான்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த வில்தான் வழி என்கிறார்கள். பிரிட்டனிலோ வில் வேட்டைக்கே தடை. காரணம், காயத்தோடு தப்பும் விலங்குகள்.

எத்தனை தப்புகின்றன? மேரிலாந்தில் உள்ள கடற்படைத் தளம் ஒன்றில் பல ஆண்டுகள் எடுத்த கணக்கின்படி, அம்பு பட்ட மான்களில் சுமார் 18 சதவிகிதம் வேட்டைக்காரர் கைக்குக் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் அவர்கள் தேர்வு வைத்து அனுமதிக்கப்பட்டவர்கள். கிடைக்காததெல்லாம் செத்துப்போனது என்று அர்த்தமில்லை, சில பிழைத்துக்கொள்ளும். மற்றவை புதருக்குள் கிடந்து மெதுவாகச் சாகும்.

அம்பு எப்படிக் கொல்கிறது?

துப்பாக்கிக் குண்டுபோல அம்பு அதிர்ச்சியால் வீழ்த்துவதில்லை. அதன் முனையில் இருக்கும் சவரக்கத்தி மாதிரியான 'பிராட்ஹெட்' ரத்தக்குழாய்களை அறுக்கிறது. ரத்த இழப்புதான் உயிரைப் பறிக்கிறது. அதனால், எங்கே படுகிறது என்பதுதான் எல்லாமே. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, மார்புக்கூட்டின் நடுவே பட்டால் இரண்டு நுரையீரலும் கிழிந்து மான் சில நொடிகளில் சாயும். ஒரு சாண் பின்னால் தள்ளிப்போனால்? கல்லீரல் அல்லது குடல். சாவு நிச்சயம், ஆனால் அது பல மணி நேர வேதனை.

பயிற்சி மைதானத்தில் பொம்மை நகராது. மான் நகரும். நொடிக்கு 85 மீட்டர் வேகத்தில் போகும் அம்பு 18 மீட்டரைக் கடக்க ஐந்தில் ஒரு நொடி ஆகும். நாண் அதிரும் சத்தம் அதைவிட நான்கு மடங்கு வேகத்தில் மானின் காதுக்குப் போய்விடும். ஓடுவதற்காக அது சட்டெனக் குனிய, மார்புக்கு வைத்த குறி முதுகுக்குப் போகும். தூரம் இரட்டிப்பானால் மானுக்குக் கிடைக்கும் அவகாசமும் இரட்டிப்பு. 'நான் அறுபது மீட்டர்லயும் அடிப்பேன்' என்று பெருமை பேசுவது ஆபத்து என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான்.

ஓடாதீங்க, உட்காருங்க!

அம்பு விட்டாச்சு. அடுத்து? பின்னாடியே ஓடுவதுதான் பெரிய தப்பு. முதலில் அம்பைத் தேட வேண்டும். அதில் நுரைத்த இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் நுரையீரல். அரை மணி நேரம் போதும். கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல். நான்கு மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். பச்சையாக, நாற்றத்தோடு இருந்தால் குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். குடலில் அடிபட்ட மான், யாரும் துரத்தவில்லை என்றால் பக்கத்திலேயே படுத்துவிடும். துரத்தினால் கிலோமீட்டர் கணக்கில் போகும், ரத்தத் தடமும் அறுந்துபோகும்.

எல்க் மான் விஷயத்தில் சிக்கல் இன்னும் பெரிது. வளர்ந்த ஆண் 300 கிலோவைத் தாண்டும். கொலராடோவில் எல்க்குக்கான வில் வேட்டைக் காலம் செப்டம்பர். பகலில் வெயில் அடிக்கும். அடர்ந்த ரோமத்துக்குள் உடல் சூடு தங்கி இறைச்சி சீக்கிரம் கெட்டுப்போகும். காத்திருந்தால் இறைச்சி வீண், அவசரப்பட்டால் மானே கிடைக்காது.

ட்ரோன் தேடினால் தப்பா?

இப்போதைய சர்ச்சை இதில்தான். கயிற்றில் பிடித்த மோப்ப நாயை வைத்துத் தேட பெரும்பாலான மாநிலங்கள் அனுமதிக்கின்றன. உடல் சூட்டைக் காட்டும் கேமரா பொருத்திய ட்ரோன் வேலையை இன்னும் சுலபமாக்கும். ஆனால் மிச்சிகன் போன்ற மாநிலங்கள் அதைத் தடுக்கின்றன. 2023-ல் அதை எதிர்த்து வழக்கும் போடப்பட்டது. 'அடிபட்டதைத் தேடுறேன்னு சொல்லி, அடிபடாததையும் தேடுவாங்க' என்பது ஒரு தரப்பு. 'விலங்கு துடிச்சுச் சாகட்டும்னு விடறதா?' என்பது மறு தரப்பு. இரண்டிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால், நாயும் ட்ரோனும் தவறு நடந்த பிறகு வருபவை. அதற்கு முன்னால் செய்ய வேண்டியதை டென்மார்க் செய்கிறது. அங்கே குறிபார்க்கும் தேர்வில் தேறாமல் வில்லோடு வேட்டைக்குப் போக முடியாது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் அப்படிக் கட்டாயம் இல்லை. அலாஸ்காவின் சில பகுதிகளில், சில விலங்குகளைக் காயப்படுத்தினாலே உங்கள் கணக்கில் ஒன்று கழிந்துவிடும். கிடைக்கவில்லை என்று இன்னொன்றைத் தேடிப் போக முடியாது. மானுக்கும் எல்க்குக்கும் எல்லா இடத்திலும் இந்த விதி இருந்தால், நாணை விடுவதற்கு முன் எத்தனை பேர் ஒரு நொடி யோசிப்பார்கள்?

வேட்டையே கூடாது என்பவராக நீங்கள் இருக்கலாம். அது வேறு விவாதம். ஆனால் வேட்டை நடக்கும் ஊரில், நல்ல வேட்டைக்காரர் யார் என்பதற்கு சுவரில் மாட்டிய கொம்புகள் சாட்சி ஆகாது. தெளிவான குறி கிடைக்காதபோது, முழுக்க இழுத்த நாணை மெல்லத் தளர்த்தி, வெறுங்கையோடு வீடு திரும்பினாரே, அவர்தான் நல்ல வேட்டைக்காரர். அந்த மான் எந்தக் கணக்கிலும் வராது. ஆனால், உயிரோடு இருக்கும்!